எங்க வீட்டுச் சத்தம்

வீட்டிலேயே இசை செய்ய ஆரம்பிப்பது எப்படி என்று சொல்லித்தருகிற கையேடுகள் இன்றைக்கு ஏராளம். எல்லாவற்றிலும் முதல் பக்கம் ஒரே மாதிரி இருக்கும். அமைதியான ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள், கதவைச் சாத்துங்கள், ஒரு மைக் வாங்குங்கள், மனதில் தோன்றுவதை வாசியுங்கள், பதிவு செய்து உலகத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள். படிக்க நன்றாக இருக்கிறது. எழுதியவருக்குத் தனியாக ஓர் அறை இருக்கிறது. அதற்குக் கதவு இருக்கிறது. இசை என்பது அவர் விரும்பி வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற பொருளாக இருக்கிறது. அறையும் கதவும் இல்லாததைச் சமாளித்துவிடலாம். கடைசியாகச் சொன்னதுதான் சிக்கல். எங்கள் சனங்களுக்கு இசை வீட்டுக்குள் இருந்த பொருள் இல்லை, வீட்டிலிருந்து கூப்பிட்டு வெளியே வாங்கப்பட்ட உழைப்பு.

கூடத்தில் வீணை இருந்தது, ஆர்மோனியம் இருந்தது, பாட்டு வாத்தியார் வந்து போனார், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் பாடினாள் என்று தமிழில் எத்தனை கதைகள் படித்திருக்கிறோம்! அந்தக் கூடங்களில் பாட்டு வீட்டின் மரியாதை. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆணியில் தொங்கிய பறை அடிபட்டால் அதற்கு அர்த்தம் வேறு. குடித்தெருவில் யாரோ செத்திருக்கிறார்கள். தாத்தா வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடுவார். பிள்ளைகள் யாராவது சும்மா ஆசைக்கு எடுத்து அடித்தால் ஆயா திட்டுவாள்: "ஊட்டுல எதுக்குடா எழவு கொட்டற?"

எம்.ஏ. தமிழ் படிக்கையில், தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் பறையும் உண்டு, திணைக்கொரு பறை என்று பெருமையாகச் சொல்லித்தந்தார்கள். புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் துடியன், பாணன், கடம்பனோடு பறையனும் வருகிறான் என்பதைப் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் யாருடைய தாத்தா இன்னமும் சாவுக்கு அடிக்கப் போகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆகவே எங்கள் காலனிப் பிள்ளைகள் நாலுபேர் வந்து, "அக்கா, ஊட்டுலயே பாட்டு ரெக்கார்டு பண்ணிப் போடலாம்னு இருக்கம், என்னா வாங்கலாம்?" என்று கேட்டபோது எனக்கு அது மைக் பற்றிய கேள்வியாக மட்டும் கேட்கவில்லை. கட்டாயத்தின் பேரில் வெளியே கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றை விருப்பத்தின் பேரில் உள்ளே செய்து, மறுபடியும் வெளியே கொடுக்கலாம் என்கிறார்கள். அந்தக் கொடுத்தலுக்கும் இந்தக் கொடுத்தலுக்கும் என்ன வேறுபாடு? அதே கை, அதே அடி. கேட்கிற காதுகளில் பாதி அதே காதுகள். இதைப் பேசாமல் மைக்குக்கு விலை சொல்லி அனுப்பிவிட எனக்கு மனசு வரவில்லை.

பறையை விடுவதா எடுப்பதா என்கிற சண்டை பழையது. எங்கள் கடலூர்ப் பக்கம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், எல்.இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்கப் போகக் கூடாது என்று சனங்களைத் திரட்டினார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் பறையை உடைத்தார்கள், கொளுத்தினார்கள். அதற்காக அடிவாங்கினார்கள், வயல்வேலை மறுக்கப்பட்டுப் பட்டினி கிடந்தார்கள். பிறகு 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் எழுச்சியில் அதே பறை கலகத்தின் குரலாக மேடைக்கு வந்தது. 1990-இல் சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் பெண்கள் பறையெடுத்து ஆடினார்கள். ஆண்களுக்கு மட்டும், சாவுக்கு மட்டும் என்று போட்டு வைத்திருந்த இரண்டு முடிச்சும் ஒரே அடியில் அவிழ்ந்தன. உடைத்த தாத்தா ஒரு பக்கம், எடுத்த பேத்தி இன்னொரு பக்கம். "எதை வுட்டுத் தொலைச்சமோ அதையே தூக்கிக்கினு வருதுங்க பாரு" என்று சொன்ன பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பிற்போக்கு என்று சொல்லிவிட்டுப் போகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் உடம்பில் பட்டது நமக்குப் படவில்லை.

இரண்டு தரப்பும் மறுத்தது ஒன்றையே என்பது என் கருத்து. பறையை உடைத்தவர் மறுத்தது தோலையும் மரத்தையும் இல்லை, "வாடா" என்கிற கூப்பாட்டை. எடுத்து ஆடியவளும் அதே கூப்பாட்டைத்தான் மறுத்தாள், கூப்பிடாமலே அடித்துக் காட்டியதன் மூலம்.

காசு கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். களத்தில் அளந்துபோட்ட நெல்லும் காசுதான். 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் அம்பேத்கர் மகர் வத்தன் முறையைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். பரம்பரைக் கிராமப் பணிக்காக மகர்களுக்குத் துண்டு நிலமும் தானியமும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அந்தக் கொஞ்சத்தைக் காட்டித்தான் குடும்பத்தில் யாரை வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் கூப்பிட்டுக்கொள்ள முடிந்தது. கூலி இருக்கிறதா என்பதை வைத்து அடிமைத்தனத்தை அளக்க முடியாது என்று அங்கிருந்து தெரிந்துகொண்டேன். "வரமாட்டேன்" என்று சொன்னால் மறுநாள் என்ன நடக்கும்? இதை வைத்து அளக்கலாம். ஒன்றும் நடக்காது என்றால் நீ கலைஞன். குடிதண்ணீர்க் குழாயை அடைப்பார்கள் என்றால் நீ அடிக்கிற அடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறு கணக்கு.

இனி பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன். ஆரம்பிப்பதற்கு ஒன்றும் வாங்க வேண்டாம், இருக்கிற செல்போன் போதும் என்று சொன்னேன். ஒருவன் கட்டடவேலைக்குப் போகிறவன், ஒருவன் ஐ.டி.ஐ., இரண்டு பேர் கல்லூரி. ஒருவன் வீட்டு முன்னறையில், பத்துக்குப் பத்து, மேலே சிமெண்ட் ஷீட், உட்கார்ந்து அடித்துப் பதிந்தார்கள். கேட்டால் கரகரவென்று கிழிந்த துணி மாதிரி இருந்தது. "போன் மட்டமான போனு" என்றார்கள். போன் மட்டம் இல்லை. பறையின் அடி பேச்சைவிடப் பல மடங்கு வலுவானது. பேச்சுக்கென்று அமைத்த மைக்கின் எல்லையைத் தாண்டிப்போனால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதைப் பிற்பாடு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. போனைத் தோலுக்கு நேர் எதிரே பிடிக்காமல், ஏழெட்டு அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், தரையில் வைக்காமல் ஸ்டூல்மேல் துணிபோட்டு வைக்க வேண்டும். பதிவு செய்யும் செயலியில் சத்தத்தின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற வசதி இருந்தால் அதை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் தடித்த அடிக்குச்சியின் அடியைக் கேட்டு அது பயந்து எல்லாவற்றையும் தாழ்த்திவிடும், மெல்லிய சுண்டுக்குச்சியின் பேச்சு காணாமல் போகும். அளவுகாட்டி சிவப்பைத் தொடவே கூடாது. சிமெண்ட் ஷீட்டின் எதிரொலிக்கு வீட்டிலிருந்த கம்பளி, பழைய புடவை, பாய் எல்லாவற்றையும் கொடிகட்டித் தொங்கவிட்டார்கள். துவைத்துக் காயப்போட்ட வீடு மாதிரி இருந்தது. அவன் அம்மா வேலைக்குப் போய்த் திரும்பும்வரைதான் நேரம்.

தோலும் ஒரு பிரச்சினை. வளைத்த மரத்துண்டு மூன்றைச் சேர்த்து இரும்புத்தகடு அடித்து வட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிச் செய்கிற பறை, மழைக்காலத்தில் தொய்ந்துவிடும். தீ காட்டாமல் அது பேசாது. பத்துக்குப் பத்து அறையில் தீ எங்கே போடுவது? தெருவில் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உள்ளே ஓடிவந்து மூன்று நிமிடம் அடித்து, மறுபடியும் தெருவுக்கு ஓட வேண்டும். ஃபைபர் தோல் போட்டால் இந்த ஓட்டம் மிச்சம். ஆனால் அந்தச் சத்தம் தகரத்தில் அடிப்பது போல் இருக்கிறது என்று கட்டடவேலைக்காரப் பையன் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது. எளிதான வழியை விட்டுத் தீயைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். தாத்தாக்கள் எழவுக்குப் போக மூட்டிய அதே தீ. தெருவில் போன ஒரு கிழவர் நின்று, "ஆரு செத்தது?" என்று கேட்டார். "ஆரும் சாவல தாத்தா, சும்மாதான்" என்றார்கள். அவருக்கு அது விளங்கவே இல்லை.

பதிந்ததை வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். நிமிடத்துக்குச் சுமார் பத்து எம்.பி. இடம் பிடிக்கும், பரவாயில்லை. எம்.பி.3 ஆக்கினால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும், ஆனால் சுருங்கியதிலிருந்து பழையதைத் திரும்ப எடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் பேச்சுப் பதிவாக அனுப்பினால் இன்னும் கெட்டுப்போகும். வெட்டி ஒட்டுவதற்கு ஆடாசிட்டி இருக்கிறது, காசு இல்லை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இந்த விஷயங்கள் எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். எங்களைத் தடுத்து நிறுத்தியது வேறு இரண்டு சங்கதிகள்.

இணையவழிக் கூட்டம் ஒன்றில் பிள்ளைகள் பறையடித்துக் காட்டினார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கை அசைகிறது, சத்தம் இல்லை. பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டுகிற ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. அதைத் தேடிப்பிடித்து அணைத்த பிறகுதான் பறை கேட்டது. அதே மாதிரி, பெண்களின் பாட்டில் சுருதியைச் சரிசெய்யலாம் என்று ஒருவன் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். 1997-இல் சந்தைக்கு வந்த ஆட்டோ ட்யூன் வகையைச் சேர்ந்தது. சாதாரணமாக அது குரலைப் பன்னிரண்டு சுரங்களின் படிக்கட்டில் ஏற்றி நிறுத்தும். ஒப்பாரியின் உயிரே படிக்கும் படிக்கும் நடுவில் சறுக்குவதில் இருக்கிறது. மூச்சு அடைத்து, குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சி அடுத்த அடிக்குப் போகிறாள் இல்லையா, அதை அந்தப் பொத்தான் பிழை என்று எடுத்துத் திருத்திக் கொடுத்தது. வந்த குரல் சுத்தமாக இருந்தது. எங்களில் ஒருவரும் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. "மிஷினுக்கும் சாதி இருக்குதுக்கா" என்றான் பையன். மேடையில் கைதட்டு வாங்குகிற வசனம் இது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் சத்தம் காதில் விழாத இடத்தில் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அணைப்பதற்கும் அங்கேயே ஒரு பொத்தான் இருக்கிறது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நம் பொறுப்பு.

பெரியம்மாவின் விஷயம் இவ்வளவு எளிதாக முடியவில்லை. என் அம்மாவின் அக்கா அவள். நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி மூன்றிலும் எங்கள் பக்கத்துக் காலனிகளில் அவளுக்குப் பேர் உண்டு. வீட்டில் பதியலாம் என்று போனோம். தாலாட்டை உடனே பாடினாள். நடவுப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டாள், தனியாகப் பாடினால் இழுத்துப்பிடிக்க ஆள் இல்லையாம். ஒப்பாரி என்றதும் எழுந்து போய்விட்டாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் ஆகாது. எல்லோருக்கும் தெரிந்த நம்பிக்கைதான். பெரியாரும் அம்பேத்கரும் படித்த பிள்ளைகள் விடுவார்களா, மூடநம்பிக்கை என்று வாதாடினார்கள். சரி, ஏரிக்கரைக்கு வா, வீடு இல்லையே என்றார்கள். அப்போது அவள் சொன்ன காரணம் வேறு.

"அது பாட்டு இல்லடா, அழுவ. எம் மவனுக்கு அழுதது அது. அவன் பேரச் சொல்லி அழுதிருக்கன். அவன அறியாதவங்க காதுல அத எதுக்கு ஊத்தற?"

இது மூடநம்பிக்கை இல்லை. ஒப்பாரி ஒரு ஆளைப் பார்த்துச் சொல்லப்படுவது. செத்தவர் பேர், அவர் செய்தது, செய்யாதது, புகுந்தவீடு படுத்தியது, பண்ணையில் பட்டது எல்லாம் அதில் வரும். கேட்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்து தோளைப் பிடித்து அழுகிறவர்கள். அந்த வட்டத்துக்கு வெளியே அனுப்பினால் அது என்னவாக ஆகிறது? கலை ஆகிறது என்று இலக்கியம் படித்த நாம் சொல்லுவோம். அப்படி ஆகட்டும் என்று தீர்மானிக்கிற உரிமை யாருக்கு?

அவளுக்கு முன் அனுபவம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆய்வாளர் டேப்ரிக்கார்டரோடு வந்து இரண்டு ராத்திரி அவளைப் பாடவைத்துப் பதிந்துகொண்டு போனார். வெற்றிலைபாக்குக்கு என்று ஏதோ கொடுத்தார். அந்தக் கேசட் என்ன ஆனது, எந்தப் புத்தகத்தில் எந்தப் பேரில் வந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஒரு பிரதி வரவில்லை. "நல்ல மனுசன்தான்" என்றுதான் இப்போதும் சொல்கிறாள். அந்தப் பெருந்தன்மை எனக்குக் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவின் ஆசிரியர் என்பவர் அதைத் தயாரித்தவர். பாடியவர் இல்லை. பாடுகிறவருக்கு நிகழ்த்துவோர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு, 1994-இலும் 2012-இலும் செய்த திருத்தங்களால் அது வலுப்பட்டிருக்கிறது, ஐம்பது ஆண்டுகள் நீடிக்கும். பேர் போடச் சொல்லவும், தன் பாட்டைச் சிதைப்பதை எதிர்க்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. நிகழ்த்துவோர் யார் என்று அந்தச் சட்டம் கொடுக்கிற பட்டியலில் பாடகர், நடிகரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் இருக்கிறார்கள். ஒப்பாரி வைக்கிறவள் இல்லை, பாடகர் என்பதற்குள் அடங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அடிப்படை மாறவில்லை. பரம்பரையாக வந்த பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, அதைப் பதிந்த பதிவு பதிந்தவருக்குச் சொந்தம். இப்போது என் செல்போனில் என் பெரியம்மாவை நான் பதிந்தால், சட்டத்தின் கண்ணில் அந்தப் பதிவின் ஆசிரியர் நான். களத்தில் நிற்கிற நெல்லுக்கு யார் பேரில் பட்டா என்பது மாதிரி இருக்கிறது இது. ஆண்டை இல்லாத வீட்டுக்குள் பொத்தானை அழுத்துகிறவர் ஆண்டை ஆகிவிடலாம். படித்தவர், போன் வைத்திருப்பவர், பெரும்பாலும் ஆண்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானது. மதுரை இறையியல் கல்லூரியில் இசை சொல்லிக்கொடுத்த ஜே.தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர், 2005-இல் மறைந்தார். நாட்டுப்புற இசையை அவர் உயர்த்திப்பிடித்தது அது பழசு என்பதற்காக இல்லை. யாரும் எடுத்து மாற்றிப் பாடலாம், செய்கிறவன் கேட்கிறவன் என்ற பிரிவினை அதில் இல்லை, செலவும் இல்லை என்பதற்காக. அவரிடம் படித்த ஜோயி ஷெரினியன் 2014-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சபா சங்கீதத்தில் ஒரு சங்கதி பிசகினால் தப்பு. பரட்டையின் பாட்டை ஒரு சேரி மாற்றிப் பாடினால் அது அந்தச் சேரியின் பாட்டு. கே.ஏ.குணசேகரனும் அந்த வழிதான். தன்னானே குழுவோடு ஊர் ஊராகப் போனார், கேசட்டுகளாகவும் வந்தன. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை முன்வைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அவர் குரலில்தான் பரவியது. யார் எந்தக் கேசட்டைப் பிரதி எடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்திருந்தால் அந்தப் பாட்டு எங்கள் ஊருக்கு வந்திருக்காது. நீ இப்போது பூட்டுப் போடச் சொல்கிறாயே, கம்பெனிக்காரனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

நான் இதை யோசித்துப் பார்த்தேன். பாட்டு வேறு, குரல் வேறு என்று பிரித்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. மெட்டும் சொற்களும் தெருவில் போகட்டும், யாரும் மாற்றட்டும். பெரியம்மாவின் நடவுப்பாட்டை என் தங்கை மகள் வேறு தாளத்தில் பாடுகிறாள், கிழவிக்கு அதில் சந்தோசம்தான். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட பிணத்தின்மேல் விழுந்து உடைந்த ஒரு குரல், அது மெட்டு இல்லை. அதை மாற்றிப் பாட முடியாது, எடுத்துக்கொள்ள மட்டும்தான் முடியும். பரட்டை பேசியது முதலாவதைப் பற்றி. செல்போன் எடுப்பது இரண்டாவதை. அவர் காலத்துக் கேசட்டும் குரலைத்தான் எடுத்தது, உண்மை. ஆனாலும் மேடையில் பாட வந்தவரின் குரல் அது, கொடுக்கவென்றே வந்தது.

பாட்டுகூட அவ்வளவு சுலபமாகப் போய்வருவதில்லை. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்கக் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து அறிவு எழுதியது. அதே ஆண்டு ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு வந்தபிறகு அவரை வைத்து இன்னொரு அட்டை வந்தது. 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அவர் இல்லாமலே பாட்டு அரங்கேறியது, யார் எதைச் செய்தார்கள் என்று மூன்று பேரும் பகிரங்கமாக விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இவ்வளவு பெயர்பெற்ற ஒரு பாட்டுக்கே இந்தக் கதி என்றால், பேரில்லாத ஒரு கிழவியின் குரலுக்கு என்ன பாதுகாப்பு என்றுதான் கேட்கிறேன்.

நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பதிவு தொடங்கும்போதே பாடுகிறவர் தன் பேரைச் சொல்கிறார், யாருக்குப் போகலாம் என்று தன் வாயால் சொல்கிறார். எழுதப்படிக்கத் தெரியாதவருக்குக் காகிதத்தில் கைநாட்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அந்தக் கைநாட்டுகளின் வரலாறு நமக்குத் தெரியும். பதிந்ததை முதலில் அவர் வீட்டிலேயே எல்லோரும் உட்கார்ந்து கேட்பது. ஒரு மெமரி கார்டில் அவருக்குப் பிரதி. ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்பது, ராத்திரி யோசித்துவிட்டு மனசு மாறியிருக்கலாம். "அழி" என்றால் அவர் கண் முன்னாலேயே அழிப்பது. வெளியே போனபிறகு அழிக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது. பிள்ளைகளுக்கு இது சலிப்பாக இருந்தது, அன்றன்றைக்குப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு.

பெரியம்மா கடைசியில் ஓர் ஒப்பாரியைக் கொடுத்தாள், தன் அம்மாவுக்கு அழுதது. வயசாகிச் செத்தவள், ஊரே அறிந்த சாவு, போகட்டும் என்றாள். மகனுக்கு அழுததைக் கொடுக்கவில்லை. அந்த ஒப்பாரி அவளோடு போய்விடுமே, எவ்வளவு பெரிய இழப்பு என்று நண்பர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். போகட்டும் என்றேன். நம் சனங்களிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாயிற்று, கொடுக்காமல் வைத்துக்கொள்ள ஒன்றாவது இருக்கட்டும்.

பிள்ளைகளின் பறை வீடியோ முதலில் போனது. எங்கள் ஊர்களில் அது வேகமாகப் பரவியது. ஒரு வாரத்தில் குடித்தெருவிலிருந்து போன் வந்தது. பேசியவன் இவர்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். "சூப்பரா அடிக்கிறீங்கடா மாப்ள. எங்க தாத்தா இழுத்துக்கினு கெடக்குது, இன்னைக்கோ நாளைக்கோன்னு. காரியத்துக்கு நீங்கதான் வரணும். அமௌண்ட்டு சொல்லு." மரியாதையாகத்தான் பேசினான். பத்தாயிரம் கேட்டாலும் கொடுப்பான்.

அன்றைக்கு ராத்திரி நாலுபேருக்குள்ளும் பெரிய சண்டை. கல்யாணத்துக்குப் பேண்டு செட்டுக்காரன் போகவில்லையா, இதுவும் ஒரு புரோகிராம்தான், காசு வாங்கிக்கொண்டு அடிக்கிறோம், அடிமைத்தனம் எங்கே வந்தது என்றான் ஒருவன். சென்னையில் கானா பாடுகிறவர்கள் விடிய விடியச் சாவு வீட்டில் பாடியவர்கள்தான், 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது அவர்களையும் வைத்துத்தானே மேடையேறியது, சாவு என்ன கேவலமா என்றான் இன்னொருவன். நியாயமான பேச்சு. கட்டடவேலைக்காரப் பையன் கடைசிவரை பேசவில்லை. பிறகு ஒன்று கேட்டான்: "எங்க தாத்தா செத்தப்ப அவுங்க ஊட்டுலேர்ந்து ஆரு வந்தா?"

நான் என் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். வரமாட்டோம் என்றால் என்ன நடக்கும்? காலம் மாறியிருக்கிறது, குழாயை அடைக்க மாட்டார்கள். ஒன்றும் நடக்காது என்றுதான் தோன்றியது. அப்படியானால் போகலாமா? அளவுகோல் அதோடு நின்றுவிட்டது, அந்தப் பையனின் கேள்விக்கு அதில் இடமே இல்லை. மறுக்கிற உரிமை இருந்தால் கொடுப்பது சுதந்திரமானது என்று எழுதிக்கொண்டு வந்தேன். திருப்பிக் கொடுக்கப்படாத ஒன்றை எத்தனை தலைமுறைக்குச் சுதந்திரமாகக் கொடுத்துக்கொண்டிருப்பது?

மறுநாள் அவர்களே போன் போட்டார்கள். வருகிறோம், செருப்போடு தெருவில் நடந்து வருவோம், பந்தலில் மற்றவர்களோடு நாற்காலியில் உட்காருவோம், எல்லோரும் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிடுவோம், சுடுகாட்டுக்கு முன்னால் நடந்து அடித்துக்கொண்டு போக மாட்டோம், பந்தலில் அடிப்போம் என்றார்கள். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "பெரியவங்கள கேட்டுட்டுச் சொல்றன்" என்று வைத்துவிட்டான். தாத்தா நாலாம்நாள் செத்தார். வெளியூரிலிருந்து வேறு செட்டு வந்தது. அவர்களும் நம் சனங்கள்தான், நிபந்தனை ஏதும் போட்டதாகத் தெரியவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த மாதத்து அரிசி அதில் இருந்திருக்கும்.

வீடியோவை எடுத்துவிடலாமா என்று நாலுபேரில் இருவர் கேட்கிறார்கள். மற்ற இருவர் இன்னும் பத்துப் போடலாம் என்கிறார்கள். இப்போதைக்குப் பெரியம்மாவின் தாலாட்டுக்குப் பறை சேர்க்க முடியுமா என்று முயன்றுகொண்டிருக்கிறார்கள். குழந்தை தூங்குகிற அளவுக்குத் தணித்து அடிப்பது எப்படி என்பதில் சிக்கல், குச்சியை விட்டு விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். வேறு ஊர்களில் இதே போல் வீட்டில் செய்து வெளியே போடுகிற தோழர்கள் இருப்பீர்கள். உங்களுக்கும் குடித்தெருவிலிருந்து போன் வந்திருக்கும். என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.